இரண்டு முறை அடக்கம்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்க்கும் அவசரத்தில், அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தவற்றைக் கவனிப்பதில்லை. வட்டமாகப் பதித்த உருண்டைக் கற்கள், நடுவே ஒரு கற்குவை. சிற்பம் கிடையாது, படம் எடுத்துக்கொள்ளவும் யாரும் நிற்பதில்லை. சிறுதாவூர், குன்னத்தூர், மதுராந்தகம் வட்டாரத்துச் சானூர் என்று ஊருக்கு ஊர் இரும்புக்கால ஈமக்காடுகள்.

சானூரை 1950-லும் 1952-லும் தொல்லியல் துறையினர் பானர்ஜியும் சௌந்தரராஜனும் அகழ்ந்தார்கள். வரிசையாகக் கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள், கருப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள் வெளிவந்தன. இப்படிப்பட்ட பேழைகளில் பெரும்பாலும் முழு உடல் இருப்பதில்லை. உடலை வேறெங்கோ விட்டுவைத்து, சதை அழிந்தபின் சில எலும்புகளை மட்டும் பொறுக்கி வந்து வைத்திருக்கிறார்கள்.

எலும்பை இப்படித் தனியே கையாண்டது இங்கே மட்டும் அல்ல. இங்கிலாந்தில் வெஸ்ட் கென்னட் என்ற இடத்தில் ஐந்தாயிரம் ஆண்டுக்கும் மூத்த நீண்ட மண்மேடு ஒன்று உண்டு. அதற்குள்ளும் பலருடைய எலும்புகள் கலைந்து கிடந்தன. சில மண்டையோடுகளையும் தொடை எலும்புகளையும் காணோம்.

கல்லறைக்குள் பானையைக் கண்டதும் 'மறுமையை நம்பியிருக்கிறார்கள்' என்று எழுதிவிடுவது வழக்கம். அது அவசரத் தீர்ப்பு. செத்தவர் புழங்கிய பானை வீட்டில் இருக்கக் கூடாது என்ற பயம்கூட அதைக் குழிக்கு அனுப்பியிருக்கலாம். பானையைவிட எலும்பு கிளப்பும் கேள்வி ஆழமானது: ஒரு மனிதர் எப்போது செத்தவராகிறார்?

பிரெஞ்சு அறிஞர் ராபர்ட் ஹெர்ட்ஸ், போர்னியோவின் தயாக் மக்களின் இரட்டை அடக்கத்தை வைத்து 1907-இல் இதற்கொரு விடை எழுதினார். சாவு அங்கே ஒரு நொடியில் நடந்து முடிவதில்லை. சதை கரையும் காலம் முழுக்க ஆவி வழியில் இருக்கிறது. வீட்டார் துக்கத்தில் இருக்கிறார்கள். எலும்பை எடுத்து அடக்கிய பிறகே இரு தரப்புக்கும் விடுதலை.

மூச்சோடு எல்லாம் முடிந்ததென்றால் நமக்கு மட்டும் பால் தெளிப்பது எதற்கு, எலும்பு பொறுக்கிக் கடலில் கரைப்பது எதற்கு, பதினாறாம் நாள் கருமாதி எதற்கு? இதைக் காட்டிச் சானூர்க்காரர்களின் நேர் வாரிசு நாம் என்று மார்தட்ட முடியாது. அவர்களைக் குடைந்த கேள்வி நம்மையும் குடைகிறது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்ததாகத் தெரியவில்லை. சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாடு வருகிறது. எரிப்பவர், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர், குழியில் புதைப்பவர், அறையில் அடைப்பவர், தாழியில் கவிப்பவர் என எல்லாரும் அந்த ஒரே காட்டுக்குத்தான் வருகிறார்கள். யாருடைய முறை சரி என்று அங்கே சண்டை நடந்ததாகச் சாத்தனார் சொல்லவில்லை.