சுவையும் அளவும்: நிலக்கடலை வெண்ணெயை முன்வைத்து ஒரு விசாரணை

ஓர் உணவைச் சுவைத்து மகிழ்வதும் அதே வேளையில் அதன் அளவைக் கணக்கில் வைத்திருப்பதும் ஒரே மனத்தில் ஒருங்கே நிகழக்கூடுமா என்னும் கேள்வி, மருத்துவரின் அறையில் எழுவதற்கு மிக முன்பே துறவு மடங்களிலும் அரண்மனைகளிலும் எழுந்துவிட்டது. புலனை ஒடுக்கினாலன்றி அளவு வாய்க்காது என்று ஒரு சாராரும், அளவறிந்து துய்ப்பதே புலனை ஆளும் வழி என்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாக வழக்காடி வந்துள்ளனர். இவ்வழக்கை இன்று எடுத்து ஆராய, நிலக்கடலையை வறுத்து அதன் எண்ணெய் வெளிப்பட்டுக் குழையும்வரை அரைத்துப் பெறும் விழுதாகிய நிலக்கடலை வெண்ணெய் மிகப் பொருத்தமான பண்டமாகும். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்தத் தேவையான ஆற்றலையே உணவியலார் கலோரி என்று வழங்குகின்றனர்; மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி தர, கொழுப்பு மட்டும் ஒன்பது தருகிறது. நிலக்கடலை வெண்ணெயின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாதலால், 32 கிராம் கொண்ட இரண்டு மேசைக்கரண்டி விழுது சுமார் 190 கலோரியை உடையதாகிறது. நாவுக்கு இவ்வளவு இதமாகவும் கண்ணுக்கு இவ்வளவு சிறிதாகவும் கணக்குக்கு இவ்வளவு கனமாகவும் அமைந்த உணவுகள் அதிகமில்லை.

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், உலு சிலாங்கூர் மாவட்டத்தில் அமைந்துள்ள புக்கிட் செந்தோசாவில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. இந்நகருக்கு மேற்கே கோல சிலாங்கூர்வரை பரந்து கிடக்கும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் பல, தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின் இத்தகைய குடியிருப்பு நகரங்களுக்குப் பெயர்ந்தன. விடியுமுன் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் நின்று, வெயில் ஏறுமுன் நூற்றுக்கணக்கான மரங்களில் பால் வெட்டியவருக்கும், செம்பனைக் குலைகளை அறுத்துச் சுமந்தவருக்கும் உணவின் செறிவு ஒரு வரமாக இருந்தது. உண்டதெல்லாம் நண்பகலுக்குள் வியர்வையாகிவிட்ட வாழ்க்கையில் அளவு என்பது வயிற்றின் கவலையாக இருந்ததேயன்றி மனத்தின் கவலையாக இருக்கவில்லை. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொழிற்சாலையிலும் வாகனம் ஓட்டும் இருக்கையிலும் காவல் கூண்டிலும் பணிபுரிகின்றனர். உழைப்பின் வடிவம் மாறிய வேகத்தில் உணவின் வழக்கம் மாறவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, இந்நாட்டுத் தமிழர் இனிப்புநீர் என்று சொல்லும் நீரிழிவு நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். எனவே காலைக் கோப்பியோடு ரொட்டியில் எவ்வளவு கச்சாங் எனப்படும் நிலக்கடலை விழுது தடவலாம் என்பது அற்பமான ஐயமன்று.

சுவையையும் அளவையும் பற்றிய இக்கேள்வியை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டவர் காந்தி. 1915இல் அகமதாபாத்தில் அவர் நிறுவிய ஆசிரமத்தின் விரதங்களுள் ஒன்று அஸ்வாதம், அதாவது நாவின் சுவைக்கு ஆட்படாமை. மருந்தை எவ்வாறு இனிமை கருதாமல் தேவை கருதி உட்கொள்கிறோமோ அவ்வாறே உணவையும் உட்கொள்ள வேண்டும் என்பது அதன் உட்கருத்து. தென்னாப்பிரிக்காவில், தமிழர்கள் பலர் அவரோடு வாழ்ந்த டால்ஸ்டாய் பண்ணையில், பச்சை நிலக்கடலையும் வாழைப்பழமும் பேரீச்சையும் எலுமிச்சையும் அவருடைய உணவாக இருந்தன; பாலைத் துறந்ததும் அக்காலத்தில்தான். இவ்வளவு பயிற்சி பெற்றவர், 1918இல் கேடா மாவட்டத்தில் போர்ப்படைக்கு ஆள் திரட்டும் பணியில் அலைந்துகொண்டிருந்தபோது, பெரும்பாலும் நிலக்கடலை வெண்ணெயையும் எலுமிச்சையையும் கொண்டே காலம் கழித்தார். அந்த விழுதை மிகுதியாக உண்டால் உடல் கெடும் என்று தெரிந்திருந்தும் தாம் மிகுதியாகவே உண்டதாகவும், அதன் விளைவாக வயிற்றுக்கடுப்பு கண்டதாகவும் அவரே தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். தொடக்கத்தில் இலேசாக இருந்த நோய், ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபா செய்து வைத்திருந்த இனிப்புக் கஞ்சியை உண்டபின் முற்றி, அவரை மரணத்தின் வாயில்வரை கொண்டுசென்றது. இறுதியில், தாம் துறந்தது பசும்பாலும் எருமைப்பாலுமே என்று தம்மைத் தேற்றிக்கொண்டு ஆட்டுப்பாலை ஏற்க நேர்ந்ததையும், அது விரதத்தின் சொல்லைக் காத்து உயிரை விட்டுவிட்டது என்னும் உறுத்தலையும் அவர் மறைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைச் சுவைக்கு அடிமையானவனின் வீழ்ச்சியாகப் படிப்பது எளிது. ஆனால் நிலக்கடலை விழுதில் அளவு தவறியதற்குக் காரணம் சுவை மட்டும்தானா என்பது ஆழ்ந்து நோக்கத் தக்கது. அது பாலைத் துறந்தவர் பாலுக்கு மாற்றாகத் தேர்ந்த உணவு. உயிர்க்கொலையற்றது, எளியது, விரதத்தோடு முரண்படாதது. தூய்மையானது என்று மனம் முத்திரையிட்டுவிட்ட பண்டத்தின்மேல் அளவின் காவல் தானாகவே தளர்ந்துவிடுகிறது. விலக்கப்பட்டவற்றின் பட்டியல் நீண்டும் கண்டிப்பாகவும் இருக்கையில், அனுமதிக்கப்பட்ட ஒன்றே எல்லாப் பசிக்கும் வடிகாலாகிவிடுகிறது. புரட்டாசி மாதத்தில் மலேசியத் தமிழ் இல்லங்களில் இதே நிலையைக் காணலாம்: புலால் நீக்கிய மாதம் என்பதாலேயே எண்ணெயில் பொரித்த வடையும் கெட்டிப்பால் கலந்த தேநீரும் கடலை விழுது தடவிய ரொட்டியும் தீங்கற்றவையாகத் தோன்றுகின்றன. நோன்பு எதை உண்பது என்பதை வகுத்துவிடுகிறது. எவ்வளவு என்பதை வகுக்கும் பொறுப்பு உண்பவரிடமே எஞ்சி நிற்கிறது. இன்பம் அளவைக் கெடுப்பதைக் காட்டிலும் அறம் செய்கிறோம் என்னும் நிறைவே அளவை அதிகமாகக் கெடுக்கிறது என்று கொள்வதற்குக் காந்தியின் வாக்குமூலம் இடமளிக்கிறது. அவ்வளவு நேர்மையாக அதை எழுதிவைத்தமைக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு வழியைப் பௌத்த நூல் தொகுதியாகிய சம்யுத்த நிகாயம் காட்டுகிறது. கோசல நாட்டு மன்னன் பசேனதி பெருந்தீனிக்காரன். தூணி அளவுச் சோற்றை உண்டுவிட்டு, மூச்சு வாங்கப் புத்தரைக் காண வருகிறான். புத்தர் அவனைக் கடியவுமில்லை, எந்த உணவையும் விலக்கவுமில்லை. நினைவோடிருந்து, கிடைத்த உணவில் அளவறிபவனின் துன்பங்கள் மெலியும், அவன் மெல்ல மூப்படைவான் என்னும் கருத்தமைந்த ஒரு பாட்டை மட்டும் சொல்கிறார். மன்னன் தன் பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அழைத்து, அப்பாட்டைக் கற்றுக்கொண்டு, உணவு படைக்கும்போதெல்லாம் சொல்லுமாறும், அதற்கு நாள்தோறும் நூறு காசு பெற்றுக்கொள்ளுமாறும் பணிக்கிறான். படிப்படியாக மன்னன் ஒரு நாழிச் சோற்றோடு நின்றுவிடுகிறான். உடல் இளைத்தபின் தன் கைகால்களைத் தடவிப் பார்த்து, இம்மைக்கும் மறுமைக்கும் நன்மை செய்தார் என்று புத்தரைப் போற்றுகிறான். இக்கதையின் நுட்பம், நினைவூட்டல் உண்ணும் நேரத்திலேயே நிகழ்கிறது என்பதில் உள்ளது. அடுக்களையைப் பூட்டும் காவலாளியை மன்னன் வைத்துக்கொள்ளவில்லை. தன் உண்ணலைத் தானே கேட்கச் செய்யும் குரலை வைத்துக்கொண்டான். மேலும் அவன் மகிழ்ச்சியோடு மாறினான் என்பதை அவனுடைய போற்றுரையே காட்டுகிறது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு உணவையும் அதன் அளவையும் பற்றியவை. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின், உடலோடு மாறுபடாததை உண்ண வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அங்கே அளவுகோல் எண் அன்று, பசியே ஆகும். அப்படியானால் கலோரியை எண்ணுவது குறள் கூறும் அறிவுக்கு அயலானதா? இவ்விடத்தில்தான் நிலக்கடலை வெண்ணெய் ஒரு தனிச் சிக்கலை எழுப்புகிறது. முழுக் கடலையைத் தோலோடு மெல்பவர் ஒவ்வொரு பிடிக்கும் உழைக்கிறார். தாடை களைக்கிறது, நேரம் செல்கிறது, போதும் என்னும் உணர்வு வயிற்றிலிருந்து எழ இடைவெளி கிடைக்கிறது. பல்லுக்குத் தப்பிய துணுக்குகளுக்குள் அடைபட்ட கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறியும் விடுகிறது. அரைத்த விழுதிலோ ஆலை நமக்காக முன்பே மென்றுவிடுகிறது. தடுப்பேதுமின்றி இறங்கும் அவ்வுணவைப் பசி தாமதமாகவே கணக்கிடுகிறது. புலனின் அளவுகோல் இவ்வாறு தவறும் இடத்தில் எண்ணை நாடுவது பசியின் அறிவுக்குத் துணை சேர்ப்பதாகுமேயன்றி அதைப் புறக்கணிப்பதாகாது. தட்டில் கால் பங்கு தானியம், கால் பங்கு புரதம், அரைப் பங்கு காய்கனி என்று மலேசிய சுகாதார அமைச்சு பரப்பிவரும் சுக்கு சுக்கு செப்பாரோ முறையும் அத்தகைய துணையே. எனினும் தட்டுக்கு வெளியே கரண்டியால் வழித்து உண்ணப்படும் பண்டத்தை அது பிடிக்காது என்பதால், விழுதுக்குக் கரண்டிக் கணக்குத் தேவைப்படுகிறது.

எண் தன் இடத்தை மீறும்போது வேறொரு கேடு விளைகிறது. விரதத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. தைப்பூசத்துக்காக நோன்பிருப்பவர் காவடியை இறக்கியபின் நோன்பையும் இறக்கி வைக்கிறார், அது யாருக்காக ஏற்கப்பட்டது என்பதும் அவருக்குத் தெரியும். கலோரிக் கணக்குக்கு முடிவு நாள் இல்லை, அதை ஏற்கும் தெய்வமும் இல்லை; ஒவ்வோர் இரவும் தன்னையே குற்றவாளியாக்கித் தானே தீர்ப்பு வழங்கும் மனம், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நின்ற முன்னோர் அறியாத ஒரு தனிமைக்குள் போய்ச் சேர்கிறது. உடம்பை இழுக்கு என்று முன்பு எண்ணியிருந்து, அதனுள் உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகக் கூறும் திருமூலரின் நிலை இங்கே துணையாகிறது. பேணப்படும் உடலுக்கு அளவு தேவை; பகையாகக் கருதப்படும் உடலுக்கு எந்த அளவும் போதுமானதாகத் தோன்றாது. நவராத்திரிச் சுண்டல் உள்ளங்கை அளவே தரப்படுகிறது, ஆயினும் அதைப் பெறுபவர் குறைவாகப் பெற்றதாக எண்ணுவதில்லை. நின்று, மென்று, முழுக் கவனத்தோடு உண்கிறார். ஒரு மேசைக்கரண்டி விழுதை அவ்வாறு உண்ண முடிந்தால் 95 கலோரியில் நிறைவு கிட்டுகிறது. தொலைக்காட்சியின் முன் உண்ணும் ஆறு கரண்டியில் கிட்டாமல் போவதும் அதுவே.

செறிவு என்பது தன்னளவில் பழியுமன்று, புகழுமன்று. கடும் ஊட்டமின்மையால் நலிந்த குழந்தைகளுக்காக 1990களில் பிரான்ஸ் நாட்டில் உருவாக்கப்பட்ட பிளம்பி நட் என்னும் மருத்துவ உணவு, நிலக்கடலை விழுதோடு பால்மாவும் சர்க்கரையும் எண்ணெயும் உயிர்ச்சத்துகளும் சேர்ந்தது; 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி அடங்கியுள்ளது. இளைக்க விரும்புபவர் அஞ்சும் அதே குணம் அங்கே உயிர் காக்கிறது. அமெரிக்காவில் பேட்டில் கிரீக் நலவிடுதியை நடத்தியவரும், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்னும் கிறித்துவப் பிரிவில் வளர்ந்தவருமான ஜான் ஹார்வி கெல்லாக், புலாலும் வேட்கையும் தவிர்த்த வாழ்வை வலியுறுத்தி, 1895இல் கடலை விழுதுக்குக் காப்புரிமை கோரியபோது, மெல்ல இயலாத நோயாளிகளையும் மனத்தில் கொண்டிருந்தார். புக்கிட் செந்தோசாவின் வரிசை வீடுகளில், தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, பல் இழந்து, சோறும் அளவாகவே இறங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். இனிப்புநீருக்கு அஞ்சி வீடு முழுவதற்கும் ஒரே கணக்கு வகுக்கும் மகனோ மருமகளோ, மெலிந்துவரும் அந்த முதியவரின் ரொட்டியிலும் விழுதைச் சுரண்டி எடுப்பது அளவறிதல் ஆகாது. சர்க்கரை சேராத கடலை விழுதை, மருத்துவரைக் கலந்துகொண்டு, அவருக்குச் சற்றுத் தாராளமாகவே தடவித் தரலாம்.