தேர்ந்தெடுத்த ஏற்றம்

மலைப்பாதையில் ஓடுகிறவர்களிடம் ஒரு பெருமை உண்டு. "செம வலி, ஆனா முடிச்சிட்டேன்" என்று ஸ்ட்ராவாவில் போடுவோம். வலி நமக்கு ஒரு சான்றிதழ். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் வலிக்குத் தன்னளவில் மதிப்பு உண்டா?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். வழி பெரும்பாலும் சமதளம். பொட்டல், கண்மாய், பனை. திடீரென்று தரையைப் பிளந்துகொண்டு பாறை எழும். அதுவரை ஒழுங்காக இருந்த மூச்சு ஏற்றத்தில் உடைந்துவிடும். மேலே ஏழடிப்பட்டம். சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. விரும்பி ஏற்ற வலிக்கு இதைவிடப் பழைய சாட்சி நம்மூரில் அதிகம் இல்லை.

இதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டது. 2012இல் அவர் சூளையில் கூலி வேலை செய்வது செய்தியானது.

டிராக்கிலும் சூளையிலும் வலித்தது ஒரே உடம்புக்குத்தான். வலிதான் மனிதரை உயர்த்தும் என்றால் சூளைக்கும் பதக்கம் கொடுத்திருக்க வேண்டுமே? யாரும் கொடுப்பதில்லை. ஆக, நாம் மதிப்பது வலியை அல்ல, அதைத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரத்தை. நான் பாதி ஏற்றத்தில் "போதும்" என்று உட்காரலாம். கல் சுமப்பவர் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு.

அப்படின்னா ஓட்டம் வசதியானவர்களின் விளையாட்டுதானா? இல்லை. சூளை அவருக்கு வாய்த்தது. ஓட்டம் அவர் தேர்ந்தெடுத்தது. பதக்கத்தோடு பறிபோனது அந்தத் தேர்வும்தான். அநீதியின் முழு அளவு அதில்தான் இருக்கிறது. அதனால் நம் ஓட்டத்துக்காகக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. வலியைக் காட்டிப் பெருமைப்படுவதை விடலாம். ஓட விரும்பும் இன்னொருவருக்குப் பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஏழடிப்பட்டத்துப் படுக்கை ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டுத் தமிழி எழுத்துகள் உள்ளன. அதில் படுத்தவர் எவ்வளவு வருந்தினார் என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த இடத்தை யாருக்காக யார் செய்து கொடுத்தார் என்பதை மட்டும் பொறித்திருக்கிறார்கள்.