துருவும் களிம்பும்: பழைமையின் அழகு பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கொழும்புத் துறைமுகத்தை அண்டியுள்ள ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை, செட்டியார் தெரு முதலிய பகுதிகளிற் பாரமேற்றிச் செல்லும் சிறு வாகனங்களிடையே எப்போதாவது மிகப் பழைய பிக்கப் ஒன்று தென்படுவதுண்டு. அதன் வண்ணப்பூச்சு வெளிறியிருக்கும். கதவு விளிம்பிலே முன்னைய நிறம் எட்டிப்பார்க்கும். பொதிகள் உராய்ந்த பின்தட்டு மாத்திரம் மினுங்கும். புத்தம் புதிய வாகனத்தைத் திரும்பிப் பாராத கண்ணும் இதனிடத்தே சற்றுத் தரித்து நிற்கிறது. பழுதுற்ற பொருளொன்று பழுதற்ற பொருளினும் அழகியதாகத் தோன்றுவது எவ்வாறு? அவ்வழகை நயத்தல் எப்பொழுதும் நேர்மையானதுதானா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பொருளின் இயல்பை நோக்குதல் வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிர்கள் வண்ணப்பூச்சிலுள்ள நிறத்துணிக்கைகளைப் பிணைத்து நிற்கும் பிசினை நாளடைவிற் சிதைக்கின்றன. மேற்பரப்பு சுண்ணாம்பு படிந்தாற்போல் வெளிறுகிறது. கடற்காற்றின் உப்பு இரும்பின் அரிப்பை விரைவுபடுத்துகிறது. செம்பின்மீது படரும் பச்சைக் களிம்பு தன் கீழுள்ள உலோகத்தை ஓரளவு காக்கும்; இரும்பின் துருவோ அத்தகையதன்று. அது தான் தோன்றிய இரும்பினும் கூடிய இடத்தை அடைத்து, செதிலாகக் கழன்று, உள்ளிருக்கும் இரும்பைக் காற்றுக்கும் ஈரத்துக்கும் காட்டிக்கொடுக்கிறது. எனவே முதுமை என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதனுள் மூன்று நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன: கைபட்டுத் தேய்தல், காக்கும் படலம் படர்தல், உள்ளூர அழிதல். கண் இம்மூன்றையும் ஒன்றாகவே காண்கிறது; வேறுபடுத்த வேண்டியது அறிவின் கடனாகும்.

மேனாட்டில் இவ்வினா கட்டடங்களை முன்னிட்டே முதலிற் கூர்மையுற்றது. 1849இல் வெளிவந்த தமது கட்டடக்கலை பற்றிய நூலில் ஜோன் ரஸ்கின், ஒரு கட்டடத்தின் சிறப்பு அதன் வயதிலேயே தங்கியுள்ளது என்றும், புதுப்பித்தல் என்ற பெயரில் நிகழ்வது உண்மையில் அழிவே என்றும் வாதித்தார். அவர்வழி நின்ற வில்லியம் மொறிஸ் 1877இல் பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சங்கத்தை நிறுவினார். இதே பெயர் கொண்ட வேறொருவரே பிற்காலத்தில் மொறிஸ் மோட்டார்க் கம்பனியைத் தொடங்கினார் என்பது சுவையானதொரு தற்செயல். 1903இல் ஒஸ்திரிய அறிஞர் அலோய்ஸ் றீகல், வரலாற்று மதிப்பு வேறு, வயது மதிப்பு வேறு எனப் பிரித்துரைத்தார். முன்னையதை உணரக் கல்வி வேண்டும். பின்னையதை எவரும் உணரலாம். வெளிறிய வாகனத்தின் வரலாற்றை அறியாத சிறுவனும் அதனால் ஈர்க்கப்படுவதற்கு இப்பிரிப்பு விளக்கந் தருகிறது.

ஆயின் நமது மரபு இதனை அப்படியே ஏற்கவில்லை. சைவசித்தாந்தம் செம்பையும் களிம்பையும் உயிரையும் ஆணவத்தையும் விளக்கும் உவமையாகக் கையாளுகிறது. களிம்பு செம்பின் வரலாறன்று. அதனோடு உடன்பிறந்து அதன் ஒளியை மறைக்கும் மாசு. அது நீங்குவதே விடுதலை. நமது கோயில்களும் இவ்வுணர்வுக்கேற்பவே பேணப்படுகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து, வண்ணந்தீட்டிக் குடமுழுக்காட்டுதல் வழக்கம். ஜிந்துப்பிட்டிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் முன் நிற்கும் அடியவர் எவரும் கோபுரத்தின் வண்ணம் மங்கிக் கிடப்பதே அழகென்று கூறார். ரஸ்கினுக்குப் பழைமை பொருளின் உடலில் உள்ளது. நம்மவர்க்கோ அது இடையறாத வழிபாட்டில் உள்ளது. கல்லும் சுதையும் மாறலாம். தொடர்ச்சி மாறாதிருத்தல் வேண்டும்.

இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், ஈழத்துப் பழைய வாகனங்களின் வரலாறு அவற்றை ஒருங்கு காண உதவுகின்றது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1953 முதல் பிக்கப் வடிவிலும் செய்யப்பட்டது. அதுவும் ஒஸ்ரின் முதலிய பிரித்தானிய வாகனங்களும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நெடுங்காலம் நிலைத்தன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர். கையிற் கிடைத்ததைக் கொண்டே பழுது பார்த்தனர். அவ்வாகனங்கள் பிழைத்தது எவரும் அவற்றின் முதுமையை நயந்தமையாலன்று. அவையின்றி நோயாளியை வைத்தியசாலைக்கும் விளைச்சலைச் சந்தைக்கும் கொண்டுசெல்ல இயலாமையாலேயே. அங்கே பேணல் அழகியலாக இருக்கவில்லை. வாழ்வின் தேவையாக இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும்வரை, நாடு முழுவதுமே இத்தேவையின் ஒரு பகுதியை அறிந்துகொண்டது. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் இவ்வுண்மையை எக்காலத்தும் அறிந்தவை.

தேவையால் நிலைத்த பொருள் சேகரிப்போன் கைக்கு மாறும்போதுதான் அறவியற் சிக்கல் தோன்றுகிறது. உழைத்தவனுக்கு அவ்வாகனத்தின் பெறுமதி அதன் பயனில் இருந்தது. வாங்குபவனுக்கோ அது தோற்றத்தில் இருக்கிறது. தேய்ந்த பின்தட்டு ஒருவனுக்கு முதுகுவலியின் பதிவு. மற்றொருவனுக்குக் கண்ணுக்கு விருந்து. பயன் மதிப்பு மறைந்து பரிமாற்ற மதிப்பு மேலோங்கும் இம்மாற்றத்தின் உச்சநிலை, புதிய தகட்டை உப்புநீராலும் அமிலத்தாலும் துருப்பிடிக்கச் செய்து பழையதாகக் காட்டுதலாகும். மேனாட்டு வாகனப் பிரியரிடையே இஃது ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்துள்ளது. இதனைப் பொய் என்பதற்குக் காரணம், துரு செயற்கையானது என்பதன்று. துரு எவ்வாறு தோன்றினும் துருவே. நிகழாத உழைப்பொன்றுக்குச் சாட்சி கூறுமாறு அது செய்யப்படுகிறது என்பதே காரணம்.

இங்கு ஓர் எதிர்வாதம் எழலாம். அழகு கண்ணுக்குரியது, தோற்றத்தை நயப்பதற்கு உழைத்தவனின் வரலாற்றை ஏன் அறியவேண்டும்? பூவின் மணத்தை நுகர்வோன் தோட்டக்காரனின் பெயரைக் கேட்பதில்லையே எனலாம். இவ்வாதம் பூவுக்குப் பொருந்தலாம், தேய்வுக்குப் பொருந்தாது. ஏனெனில், நிகழ்ந்த ஒன்றின் சுவடு என்பதாலேயே தேய்வு நம்மை ஈர்க்கிறது. அது போலியென அறிந்த கணமே ஈர்ப்புக் குன்றிவிடுவது இதற்குச் சான்று. ஆகவே பழைமையை நயப்பவன், தான் அறியாமலே, அங்கு உழைப்பு நிகழ்ந்தது என்பதை ஏற்றுக்கொண்டவனாகிறான். ஏற்றுக்கொண்டபின் உழைத்தவனை மறத்தல் முரண்பாடாகும்.

இம்முரண்பாடு பொருளோடு நின்றுவிடுவதன்று. புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமையின் காய்த்த தோளையும் வெடித்த பாதத்தையும் ஒளிப்படக் கலைஞர் அழகெனப் போற்றுகின்றனர். காய்ப்பு ஒருவகைக் களிம்பு: தோலைக் காக்கிறது. அதற்கடியில் தேயும் மூட்டோ துருவை ஒத்தது: உள்ளூர அழிகிறது. காய்ப்பைப் பார்த்து வியந்து, மூட்டைப் பாராது செல்லும் கலை, வறுமையை அலங்காரமாக்கும் கலையேயாகும்.

அவ்வாறாயின் தேய்வை நயத்தலே தவறா? அன்று. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், புதியதை வாங்குவதினும் உள்ளதைத் தொடர்ந்து பேணுதலே சிக்கனமும் பொறுப்புமாகும் என 1982இல் நூல் எழுதினார். அந்நிலையத்துக்குரிய உதிரிப்பாகங்கள் பின்னர் இலங்கையிலேயே செய்யப்பட்டன. பேணுவோன் துருவைச் சுரண்டி எறிகிறான். சட்டகம் உளுத்திருந்தால் வெட்டி ஒட்டுகிறான். தடுப்புக் கருவியைப் புதுப்பிக்கிறான். கைபட்டுத் தேய்ந்த கதவுப்பிடியை மாத்திரம் அப்படியே விடுகிறான். அழிப்பது எது, சாட்சியாவது எது என்பதை அவன் அறிவான். நமது மரபு கூறும் மாசு நீக்கமும் ரஸ்கின் வேண்டிய பழைமைப் பற்றும் அவன் கையில் ஒன்றுசேர்கின்றன.

எனவே பழைமையை நயப்போனை அளப்பதற்குரிய அளவுகோல் எளியது. நயக்கும் பொருளைப் பேணுகிறானா? அப்பொருளில் உழைத்தவனுக்குரிய மதிப்பையும் நியாயமான விலையையும் கொடுக்கிறானா? உயிருள்ள உழைப்பாளியின் தேய்வைக் காணுமிடத்து, வியப்போடு நில்லாது அதன் காரணத்தை வினவுகிறானா? இவற்றுக்கு ஆம் என விடையிறுக்கக்கூடியவனின் இரசனை அறத்தோடு பொருந்தியது. வாகனத்தின் தேய்வு அழகாகலாம். மனிதனின் தேய்வு முதலில் ஒரு வினாவாகவே நம்முன் நிற்கவேண்டும்.