வாய் திற, தங்கையே!

கைப்பையின் உள்ஜிப்பில் ஒரு மாத்திரை அட்டை. பத்தில் ஆறு காலி. வயிற்றில் ஐந்து மாதம்.

யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறாய். ஒரு ஆளுக்குத் தெரியும். உள்ளே இருக்கிறதே, அந்தப் பிள்ளைக்கு!

நீ மயிலாப்பூர் மாடவீதியில் பூ கட்டுகிறவளாக இருக்கலாம். ரங்கநாதன் தெருவில் நின்ற காலோடு புடவை விற்கிறவளாக இருக்கலாம். அடையாறில் ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் தட்டுகிறவளாக இருக்கலாம்.

முதுகுவலி என்று ஆரம்பித்திருப்பாய். அவன் கொடுத்தான் என்று ஆரம்பித்திருப்பாய். ட்ரமடாலோ, டாபென்டடாலோ, பிரவுன் சுகரோ, எல்லாம் அபின் வகைதான். எப்படி ஆரம்பித்தாய் என்று நான் கேட்கவில்லை.

இனி என்ன செய்யப் போகிறாய்? அதைச் சொல்!

"நாளைக்கே நிறுத்திடறேன். எனக்கு மன உறுதி இருக்கு."

நிறுத்தாதே!

ஆமாம், சரியாகத்தான் படித்தாய். தன்னம்பிக்கை எழுதுகிறவர்கள் 'இன்றே தூக்கி எறி' என்றுதான் எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன்.

தினமும் அபின் வகை மருந்துக்குப் பழகிய உடம்பிலிருந்து அதைத் திடீரென்று பிடுங்கினால் கருவுக்கே ஆபத்து. கரு கலையலாம். குறைமாதத்தில் வலி எடுக்கலாம்.

மருத்துவரிடம் இதற்கு வழி இருக்கிறது. புப்ரெனார்ஃபின், மெத்தடோன் என்ற மருந்துகளை அளவு பார்த்து, கூடவே இருந்து கவனித்துக் கொடுப்பார்கள். உன் உடம்பு நிலைகொள்ளும். உள்ளே இருப்பதும் நிலைகொள்ளும்.

தன்னம்பிக்கை என்றால் தனியாகச் சுமப்பது என்று உனக்கு யார் சொன்னது? நாலு பேர் இருக்கும் அறையில் உண்மையைச் சொல்லிப் பார். எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அப்போது தெரியும்!

"டாக்டர் திட்டுவாரே?"

திட்டட்டும்! திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

"போலீஸ் பிடிக்குமே?"

1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தான் உபயோகித்த குற்றம், சிறிய அளவு வைத்திருந்த குற்றம், இவற்றில் மாட்டியவர் தானாகவே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நீ ஏன் உள்ளே தாழ்ப்பாள் போடுகிறாய்?

"எனக்கு மட்டும்தான் இந்தக் கேடு."

பொய்! 2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அபின் வகைப் பொருள் உபயோகிப்பவர்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர்.

சரி, இப்போது பயப்பட வேண்டியதற்குப் பயப்படு.

நீ விழுங்குவது நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போகிறது. அங்கே ஒரு மூளை கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. உடம்பு தானே சுரக்கும் எண்டார்ஃபின் பொருந்துகிற அதே பூட்டில் இந்த மருந்தும் சாவியாய் நுழைகிறது. நரம்பிழைகளுக்கு மேலுறை போடும் வேலை தடுமாறலாம்.

இப்படிப் பிறந்த பிள்ளைகளின் மூளையில் சில பகுதிகள் கொஞ்சம் சிறியதாக இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. பேச்சில், கை கால் அசைவில், கவனத்தில் சராசரியாக ஒரு படி பின்தங்குவதையும் கண்டிருக்கின்றன.

சராசரியாக! அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள். சராசரி என்பது உன் பிள்ளையின் ஜாதகம் கிடையாது.

பிறந்ததும் தொப்புள்கொடியை அறுப்பார்கள். அதோடு மருந்து வரத்தும் அறுந்துபோகும். ஓரிரு நாளில் தெரியும். கீச்சென்று ஓயாத அழுகை. கை கால் நடுக்கம். தும்மல் மேல் தும்மல். பால் குடிக்கத் திணறல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அட்டையை ஜிப்பில் மறைத்தாய். நடுங்கும் பிள்ளையை எங்கே மறைப்பாய்?

நீ முன்பே சொல்லியிருந்தால் நர்ஸ் அந்த நடுக்கத்துக்காகக் காத்திருப்பார். ஒவ்வொரு அறிகுறிக்கும் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார். அமெரிக்க மருத்துவர் லொரெட்டா ஃபின்னகன் 1975-ல் அதற்கென்றே ஒரு அட்டவணை தந்திருக்கிறார். நீ சொல்லாவிட்டால்? நோய்த்தொற்றா, சர்க்கரை குறைவா என்று தேடுவார்கள். இல்லை, நடுக்கம் வருவதற்குள் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்!

அந்த நடுக்கத்துக்கு முதல் மருந்து என்ன தெரியுமா?

நீ!

மங்கலான விளக்கு. சத்தமில்லாத அறை. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய நூல்புடவையில் கை கால் அடங்கச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொள். மருத்துவர் சரி என்றால் தாய்ப்பால் கொடு. அதெல்லாம் போதாதபோதுதான் மார்ஃபின் சொட்டு மருந்து.

"என் பிள்ளைக்கு இரண்டு வயசு ஆயிடுச்சு. இனிமே என்ன இருக்கு?"

எல்லாம் இருக்கிறது!

1980-களில் அமெரிக்காவில் கொக்கெய்ன் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளை 'இது தேறாத தலைமுறை' என்று ஊரே எழுதித் தள்ளியது. பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989-ல் தொடங்கி 224 பிள்ளைகளை இருபதாண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார். பாதிப் பேர் கருவிலேயே கொக்கெய்னைக் கண்டவர்கள். மீதிப் பேர் அதே ஏழைத் தெருக்களின் பிள்ளைகள். இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! பிள்ளைகளை அதிகம் அழுத்தியது வறுமை. அன்பும் பேச்சும் விளையாட்டும் இருந்த வீட்டுப் பிள்ளைகள் மேலே வந்தார்கள்.

அது கொக்கெய்ன், உன்னுடையது வேறு. ஆனால் பாடம் உனக்கும்தான்: பிறக்கும் முன்பே யார் நெற்றியிலும் 'தோல்வி' என்று எழுதாதே!

பின்தங்கினால்கூடத் தூக்கிவிடலாம், தி.நகரிலேயே பார். 1989-ல் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் மையம், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே எடுத்துப் பழக்குகிறது. அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்கிறாள். ஒரு கிலுகிலுப்பை. இடப்பக்கம் ஆட்டு. பிள்ளை திரும்பவில்லையா? மறுபடி ஆட்டு. நாற்பதாவது தடவை கழுத்து மெல்லத் திரும்பும். அதுதான் மூளை வளர்கிற சத்தம்!

முதல் மூன்று வயதுக்குள் மூளை பெரியவர்களின் அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆகவே, அழுதுகொண்டு உட்கார உனக்கு நேரமில்லை. ஆட்டு கிலுகிலுப்பையை!

"விழுந்தவ எங்கே எழறது?"

சாந்தி ரங்கநாதனைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். பெரிய குடும்பம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஊர் மறந்தே போயிருக்கும். அவர் மூடவில்லை. 1980-ல் கணவர் டி.டி. ரங்கநாதன் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். 1987-ல் அடையாறு இந்திரா நகரில் போதைநீக்க மருத்துவமனை எழுந்தது. 1992-ல் பத்மஸ்ரீ வந்தது.

எந்தப் பெயரைச் சொல்ல உலகம் கூசுமோ, அந்தப் பெயரையே வாசலில் எழுதி மாட்டினார். நீ ஒரு நர்ஸின் காதில் சொல்லக் கூசுகிறாய்!

போதும். எழுந்திரு.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. கட்டணம் கிடையாது. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. அதுவும் வேண்டாமா? நாளைக் காலை உன் பேட்டை சுகாதார நிலையத்துக்குப் போ. சீட்டு வாங்கு. வரிசையில் உட்கார். உன் முறை வந்ததும் அந்த உள்ஜிப்பைத் திற. அட்டையை மேஜைமேல் வை.

பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்: "நான் இதை எடுக்கறேன், என் பிள்ளையைக் காப்பாத்தணும்."