முணுமுணுப்பும் முறையீடும்

ஒரு பங்கு நலமாக இருக்கிறதா என்று அறிய நாம் வழக்கமாக எவற்றைப் பார்க்கிறோம்? ஞாயிறு திருப்பலிக்கு வருவோரின் எண்ணிக்கை, உண்டியல் காணிக்கை, புதிதாய் எழுந்த கோபுரம், தேரின் பின்னே திரண்ட கூட்டம். இவற்றோடு, “எங்கள் பங்கில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை” என்பதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்றே ஐயம் எழுகிறது. குறையே இல்லையா, அல்லது சொல்ல இடமில்லையா?

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் திருவிழாக் கணக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஊர் வழக்கப்படி வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு வரி. வரி செலுத்திய குடும்பத் தலைவர்களின் பெயர்கள் திருவிழாத் திருப்பலியில் வாசிக்கப்பெறும். அந்த ஆண்டு, கைம்பெண்கள் தனித்து வாழும் வீடுகளில் வரி வாங்க வேண்டாம் எனப் பங்குப் பேரவை முடிவு செய்தது. இரக்கத்தால் எடுத்த முடிவுதான். நானும் மனநிறைவோடு அந்த வீடுகளைப் பட்டியலிலிருந்து அடித்தேன். திருவிழா முடிந்த வாரத்தில், ஒரு மூதாட்டி தண்ணீர்க் குழாயடியில் நின்று பேரவையைக் குறைகூறுவதாகச் செய்தி வந்தது. வரியே கேட்கவில்லை, பிறகென்ன குறை என்று நாங்கள் கூட்டத்தில் சிரித்தோம். பங்குத்தந்தை சிரிக்கவில்லை. மறுநாள் மாலை என்னையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மையாரின் வீட்டுத் திண்ணைக்குச் சென்றார்.

“அவரு இருந்த வரைக்கும் பேரு வாசிச்சாங்க, சாமி. அவரு போனதும் வீடும் செத்துப் போச்சா?” என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, “பத்து ரூபா குடுக்க மாட்டேன்னு நான் சொன்னேனா தம்பி?” என்று கேட்டார்.

வரியை நீக்கிய எழுதுகோல் பெயரையும் நீக்கிவிட்டிருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. குழாயடியில் அவர் முணுமுணுத்திராவிட்டால் இன்றளவும் தோன்றியிராது.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை அதன்பின் நான் வேறு கண்ணோடு படிக்கலானேன். அங்கும் சிக்கல் கைம்பெண்களைப் பற்றியதே. நம்பிக்கை கொண்டோர் ஒரே உள்ளமும் ஒரே உயிருமாய் வாழ்ந்தனர் என்று நான்காம் அதிகாரத்தில் எழுதிய அதே லூக்கா, சீடர்களின் தொகை பெருகியபோது, கிரேக்க மொழி பேசுவோர் தங்கள் கைம்பெண்கள் அன்றாடப் பகிர்வில் கவனிக்கப்படவில்லை என முணுமுணுத்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். வளர்ச்சியும் குறையும் ஒரே வரியில் வருகின்றன. திருத்தூதர்கள் வேண்டுமென்றே எவரையும் ஒதுக்கினர் என்று அவர் சொல்லவில்லை. எண்ணிக்கை பெருகும்போது யாரோ சிலர் கண்ணில் படாமல் போகின்றனர். அவர்கள் பெரும்பாலும் வேறு மொழி பேசுவோராகவோ, பேச ஆளில்லாதோராகவோ இருக்கின்றனர்.

பன்னிருவர் செய்ததைக் காட்டிலும் செய்யாமல் விட்டவை எனக்கு வியப்பூட்டுகின்றன. இப்பேச்சைக் கிளப்பியவர் யார் என்று அவர்கள் விசாரிக்கவில்லை. தங்கள் நேர்மைக்குச் சான்று தேடவில்லை. “எல்லாவற்றையும் இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. சீடர்கள் அனைவரையும் கூட்டினர். தங்களால் எது இயலாது என்பதை வெளிப்படையாகக் கூறினர். ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை மக்களிடமே விட்டனர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பெயரைக் கொண்டு மட்டும் ஒருவரது பிரிவை அறுதியிட முடியாது. பன்னிருவரிலும் பிலிப்பும் அந்திரேயாவும் உண்டு. ஆயினும், குறை சொன்ன பிரிவினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று விரிவுரையாளர் பலர் கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது.

இங்கே ஒரு தடை எழும். முணுமுணுப்பைத் திருநூல் கண்டிக்கவில்லையா? கண்டிக்கிறது. பாலைநிலத்தில் இஸ்ரயேலர் உணவுக்காக முணுமுணுத்ததைக் குறிக்க விடுதலைப் பயண நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பயன்படுத்தும் சொல்லும், லூக்கா இங்கே எழுதும் சொல்லும் ஒன்றே. முணுமுணுப்பின்றி அனைத்தையும் செய்யுமாறு பிலிப்பியருக்குப் பவுல் எழுதுகையிலும் அதே சொல்லைத்தான் ஆளுகிறார். அப்படியாயின், ஓரிடத்தில் குற்றமானது மற்றோரிடத்தில் எவ்வாறு ஏழு பணியாளரைத் திருச்சபைக்குத் தந்தது?

எண்ணிக்கை நூல் இதற்கு ஒளி தருகிறது. பன்னிரண்டாம் அதிகாரத்தில் மிரியாமும் ஆரோனும் மோசேக்கு எதிராகப் பேசுகின்றனர். கேட்பது தங்களுக்கான சிறப்பு. இருபத்தேழாம் அதிகாரத்தில் செலோபுகாதின் புதல்வியர் ஐவர் மோசேயின் முன்பும் சபை முழுவதின் முன்பும் வந்து நிற்கின்றனர். மகன் இல்லை என்பதற்காக எங்கள் தந்தையின் பெயர் ஏன் மறைய வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. (எங்கள் ஊர் மூதாட்டி இந்த அதிகாரத்தைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.) மோசே அதை ஆண்டவரிடம் கொண்டு செல்கிறார். அப்பெண்கள் கூறுவது சரியே என்ற மறுமொழி வருகிறது, சட்டமே விரிவடைகிறது. தனக்காக எழும் பொறாமைக் குரலும், விடுபட்ட பெயருக்காக எழும் முறையீடும் தொலைவிலிருந்து கேட்போர்க்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். பிரித்தறிய அருகே போயாக வேண்டும்.

ஆறாம் நூற்றாண்டில் தம் துறவியர்க்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட், முணுமுணுப்பை மிகக் கடுமையாக வெறுத்தவர். அவரே நாற்பத்தோராம் அதிகாரத்தில், சகோதரர்கள் நியாயமான முணுமுணுப்புக்கு இடமின்றித் தம் வேலையைச் செய்யும் வகையில் மடத்துத் தலைவர் ஏற்பாடு செய்யட்டும் என்கிறார். முணுமுணுப்பிலும் நியாயமானது உண்டு என்று அவர் அறிந்திருந்தார். அதைத் தவிர்க்கும் பொறுப்பை முணுமுணுப்பவர் மேல் அன்று, தலைவர் மேல் சுமத்துகிறார்.

நம் பங்குகளின் நிலை என்ன? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது (537). இறைமக்கள் அளித்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது (1287). தம் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிப்பது பொதுநிலையினரின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்கிறது (212). பங்குப் பேரவையையோ ஆயரின் முடிவுக்கு விட்டு, அதற்கு ஆலோசனை வாக்கு மட்டுமே தருகிறது (536). 2024 அக்டோபரில் நிறைவுற்ற ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம், இத்தகைய பங்கேற்பு அமைப்புகள் கட்டாயமாக்கப்பட வேண்டும் என வலியுறுத்தியுள்ளது.

பங்குத்தந்தையரின் இக்கட்டையும் எண்ணாதிருக்க முடியாது. சில ஆண்டுகளே ஓரிடத்தில் இருப்பார். ஊரின் பழம்பகைகள் அவருக்குத் தெரியா. வந்த முதல் வாரமே இரண்டு மூன்று பேர் அவரைச் சூழ்ந்துகொள்வர். அவர்கள் காதே அவர் காதாகிவிடும். குறை கேட்கத் தொடங்கினால் ஒரு தரப்பினர் என்ற பெயர் வரும். கேட்காவிட்டால் மொட்டைக் கடிதம் ஆயர் இல்லத்துக்குப் போகும். பெயரிடாது எழுதுபவரை நான் மெச்சவில்லை. அது கோழைத்தனம், பல நேரங்களில் அவதூறும்கூட. ஆனால், பெயர் சொல்லிப் பேசிய ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்த பிறகே பலர் பெயரின்றி எழுதுகின்றனர். தனிக் கல்லறையையும் தனி வரிசையையும் எதிர்த்து நம் தமிழகத் திருச்சபையில் குரல் கொடுத்தோர் எத்தனை காலம் குழப்பவாதிகள் எனப்பட்டனர்! இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளும் இப்பாகுபாடு உண்டு என ஒப்புக்கொண்டது. குழப்பவாதிகள் பலகாலமாகச் சொல்லிவந்ததும் அதுவே.

எங்கள் பங்குத்தந்தை அடுத்த கூட்டத்தில் அந்த அம்மையாரையே வரச்செய்து பேசவைத்தார். அன்று சிலர் முகம் சுளித்தனர். கைம்பெண்கள் விரும்பியதைக் கொடுக்கலாம், கொடுக்காவிட்டாலும் பெயர் உண்டு என்று முடிவாயிற்று. மறு ஆண்டு அவர் கொண்டுவந்த பத்து ரூபாய்க்கு நானே இரசீது எழுதினேன். அவர் பெயரையே வீட்டின் பெயராக எழுதினேன். திருவிழா முடிந்து கணக்கு வாசித்த அன்று, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். செங்கல் சூளை வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார். தங்களிடம் ஏன் வரியே கேட்கவில்லை என்று வினவினார்.