பெண்ணையாற்றுக்குத் திருமஞ்சனம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற ஆடிப் பதினெட்டன்று, ஓசூரை அடுத்துத் தென்பெண்ணையின் கரையிலுள்ள ஒரு சிறு கிராமத்துப் பெருமாள் கோயிலில் திருமஞ்சனம் நடைபெற்றது. எங்கள் திருப்பாவை கோஷ்டியைச் சேர்ந்த சிலருடன் அடியேனும் சென்றிருந்தேன். முன்னாளில் அன்றைய தினம் ஆற்றிலிருந்து குடத்தில் தீர்த்தம் கொண்டுவருவது அவ்வூர் வழக்கம். இப்போது அர்ச்சகர் ஸ்வாமி மதிலோரத்து ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத் திறந்து குடத்தை நிரப்பினார். ஆற்றில் வெண்பஞ்சுப் பொதிகளைப் போல நுரை மிதந்து சென்றுகொண்டிருந்தது. காற்றடித்தபோது அதில் ஒரு பொதி கரையேறி, வேலியோரத்துத் துளசியின்மேல் அமர்ந்தது.

கோஷ்டியில் மூத்தவரான ஒரு ஸ்வாமி அதைப் பார்த்துவிட்டு, "தீர்த்தத்திற்கு தோஷம் ஏது? நீரும் நிலமும் அவனுக்குச் சரீரம். சரீரத்தின் குறை சரீரியைத் தொடாது என்பதன்றோ பாஷ்யகாரர் காட்டிய வழி" என்றார். பெங்களூருவில் மென்பொருள் பணியிலிருக்கும் ஓர் இளைஞர் மிகப் பணிவாக, "அப்படியானால் ஸ்வாமி, இன்று நாம் ஏன் அந்த நீரை எடுக்கவில்லை?" என்று கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. ஸேவாகாலம் தொடங்கிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் அடியேனை விடவில்லை.

இவ்வாற்றை அறியாத வெளிநாட்டு அடியார்களுக்காக அதன் வழியைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் பிறக்கிறது. அங்கே அதற்கு தக்ஷிண பினாகினி என்று பெயர். பெங்களூருவின் கிழக்குப் புறமாக இறங்கி, ஓசூருக்கு அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. நுழைந்ததும் முதலில் தேங்குமிடம் கெலவரப்பள்ளி அணை. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை. அவற்றுக்கும் கீழே, உலகளந்த பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருக்கோவலூர். மழையிருளில் முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் நெருங்கி நின்ற தலம் அது. முடிவில் கடலூருக்கு அருகே கடல். ஆகவே கெலவரப்பள்ளி மதகில் நுரைப்பதை ஏதோ ஒரு தொழில் நகரத்துச் சாக்கடைச் செய்தி என்று நாம் கடந்துபோக முடியாது. அது ஒரு திவ்யதேசத்து ஆறு.

நுரையின் காரணம் மறைபொருளன்று. பெங்களூருவின் ஒரு பெரும் பகுதியின் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரியில் விழுந்து, வர்த்தூர் ஏரி வழியாக இவ்வாற்றில் சேர்கிறது. சலவைத்தூளில் உள்ள நுரைப்புப் பொருள் முழுதும் சிதையாமல் ஏரி வண்டலில் தங்கிவிடும். மழைவெள்ளம் அதைக் கலக்கும்போதும், மதகிலிருந்து நீர் வீழ்ந்து அடிபடும்போதும் நுரையாக எழும். பெல்லந்தூர் ஏரி 2015-இலும் 2017-இலும் 2018-இலும் தீப்பற்றியது. ஒரு நீர்நிலை எரிந்தது என்று எழுதும்போதே கை கூசுகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு தூர்வாரும் பணிகள் தொடங்கின. இதைக் கேட்டு எங்கள் ஊரார் எல்லைக்கு அப்பால் கைகாட்டுவது வழக்கம். ஆனால் ஓசூரும் இன்று மாநகராட்சி. சிப்காட் தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த ஊர். எங்கள் தெருச் சாக்கடையும் மேட்டில் ஏறிப் போவதில்லை.

இதில் இன்னொரு செய்தி அடியேனை மிகவும் வருத்தியது. கோடையில் மெலிந்து மணலாகக் கிடப்பது இவ்வாற்றின் இயல்பு. இன்றோ சித்திரையிலும் ஓடுகிறது. எப்படி? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கனைச் சூழ்ந்து வரும் காவிரி நீரைச் சிவனசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து எடுத்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு, ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றிப் பெங்களூருவுக்குத் தருகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தில் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். வீடுகளில் பயன்பட்டு வெளியேறும் அந்நீரில் ஒரு பெரும் பங்கு பெண்ணையின் பள்ளத்தில் இறங்குகிறது. திருவரங்கத்தை நோக்கிப் போயிருக்க வேண்டிய நீர், அழுக்கோடு திருக்கோவலூரை நோக்கிப் போகிறது. அரங்கனைப் பாடும் வீடுகளிலும் சலவை இயந்திரம் ஓடுகிறது; அடியேன் வீட்டிலும் ஓடுகிறது.

இனி, பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்ன ஸித்தாந்தம் சரியே. நீரைச் சரீரமாகக் கொண்டு, அதன் உள்ளே நின்று நியமிப்பவன் எம்பெருமான் என்பது அந்தர்யாமி ப்ராஹ்மணத்தின் பொருள். சரீரத்தின் பாலும் மூப்பும் ஆத்மாவைத் தொடாததுபோல, உலகின் குறைகள் அவனைத் தொடா. ஆனால் இது அவனைப் பற்றிய வார்த்தை. நம் கடமையைப் பற்றிய வார்த்தையாக இதை மாற்றிக்கொள்ளலாமா? ஸந்நிதியில் எழுந்தருளியிருக்கும் அர்ச்சாமூர்த்திக்கும் அழுக்கு என்பதில்லை. அப்ராக்ருதமான திருமேனி என்றே அனுஸந்திக்கிறோம். அதனால் திருமஞ்சனத்தை நிறுத்திவிட்டோமா? கர்ப்பக்ருஹத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால், "அவனைத் தொடாது" என்று விட்டுவிடுவோமா? அர்ச்சாவதாரத்தின் ஏற்றமாக நம் ஆசார்யர்கள் சொல்வதே, ஸர்வஸ்வதந்த்ரனான அவன் குளிப்பதற்கும் உண்பதற்கும் அர்ச்சகனுடைய கையை எதிர்பார்த்து நிற்கும் எளிமைதான். அவன் நம் கையில் தன்னைக் கொடுத்திருக்கும்போது, தோஷமின்மையைப் பேசி நாம் கையைக் கட்டிக்கொள்வது எந்த வகையில் சேரும்? ஆறும் அப்படி நம் கையில் கொடுக்கப்பட்டதே என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

அடியேன் வணிகவியல் படித்தவன். வேதாந்தம் காலக்ஷேபத்தில் கேட்ட அளவுதான். தெரிந்த உவமையைச் சொல்கிறேன். நகைக்கடனுக்கு வந்த நகை வங்கியின் பெட்டகத்தில் எத்தனை ஆண்டு இருந்தாலும் வங்கியினுடையதன்று. அதில் ஒரு கல் உதிர்ந்தால் பதில் சொல்ல வேண்டும். பிறர் பொருளை "எனது" என்று எண்ணுவது அபஹாரம். ஆத்மாவையே அவனுக்குச் சேஷம் என்று உணர்ந்தவனுக்கு, ஆற்றைத் தன் வடிகாலாக எண்ண ஏது உரிமை?

இதை எழுதும் தகுதி அடியேனுக்கு முழுதும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தொழிற்கூடத்தின் கடனைப் புதுப்பிப்பதற்காக நேரில் பார்வையிடச் சென்றேன். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி காய்ந்து கிடந்தது. அதன் மூலையில் சிலந்தி வலை. தொழிற்கூடம் மட்டும் இரண்டு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆவணங்கள் எல்லாம் முறையாக இருந்தன. "சுத்திகரிப்பு வசதி: உண்டு" என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்திட்டேன். வசதி இருந்தது என்பது பொய்யன்று. அந்த நீர் எந்த வழியாக எங்கே போனது என்று அடியேன் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன்.

அப்படிவங்களில் எப்போதும் ஒரு கேள்வி உண்டு: பயன் என்ன, யாருக்கு? ஆறுகளை மீட்பது பற்றி இன்று பேசுவோரும் பயன்களையே வரிசையாகச் சொல்கிறார்கள். அப்பயன்கள் உண்மையானவை, அவற்றை இகழ்வது நியாயமன்று. நலமாயிருக்கும் ஓர் ஆறு பருவத்துக்கு ஒரு வேலை செய்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் எங்கள் மேட்டுநிலத்தில் மழை மிகும்போது, கரையோரத் தாழ்நிலங்களும் ஏரிச் சங்கிலியும் வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடுகின்றன. தை, மாசியில் கரை மண்ணுக்குள் இறங்கிய நீர் ஊற்றாகக் கசிந்து ஆற்றுக்கே திரும்புகிறது. கோடையில் மடுக்களில் எஞ்சும் நீரில் மீன்கள் உயிர் பிழைத்து, அடுத்த புதுவெள்ளத்தில் பெருகுகின்றன. கரையில் நீர்மருதும் நாவலும் புங்கும் நின்றால் மண் கரையாது. கோரையும் சம்பும் அடர்ந்தால் நீரின் அழுக்கு படியும். ராகி முற்றும் காலத்தில் பன்னேருகட்டாப் பக்கத்துக் காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி, சானமாவு என்று யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. கஜேந்திரன் கதையை உருகிச் சொல்லும் நாம், நம் ஊருக்கு வரும் ஆனை எந்த நீரில் இறங்குகிறது என்று கேட்டதுண்டா?

ஆனால் நமக்குப் பயன் என்பதற்காக மட்டும் ஆற்றைப் பேணினால், அதே பயன் வேறிடத்தில் கிடைத்த அன்று ஆற்றைக் கைவிடுவோம். நடந்தது அதுதான். ஆழ்துளைக் கிணறு வந்தது. தண்ணீர் லாரி வந்தது. கேன் தண்ணீர் வந்தது. அதன்பின் ஆற்றுக்குக் கேட்பார் இல்லை. அந்தக் கோயிலிலும் ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகே ஆற்றங்கரைப் படித்துறையில் முள் மண்டியது. நுரை பிற்பாடு வந்தது. கைவிடுதல் முன்பே நடந்துவிட்டது.

இங்கே ஆண்டாள் அருளிய திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தை நினைக்கிறேன். உலகளந்த உத்தமனின் பேரைப் பாடி நோன்பு நோற்றால், கேடு விளைக்காத மழை மாதந்தோறும் மூன்று முறை பெய்யும் என்கிறாள். தொடர்ந்து நெல், அதனூடே துள்ளும் கயல், குவளையில் துயிலும் வண்டு, குடம் நிறைக்கும் பசு. மழையில் தொடங்கி வயல், மீன், பூ, வண்டு, கால்நடை என்று ஒன்றையொன்று பற்றி நிற்கும் உயிர்த்தொடர் முழுவதும் அங்கே இருக்கிறது. இந்தப் பயன் யாருக்கு? நோற்கும் சிறுமியர் வேண்டுவது கண்ணனுக்கு அடிமை செய்வதை. மழையோ நோன்புக்கு இசைந்த நாட்டாருக்கு. பூர்வாசார்யர்கள் இப்படித்தான் பொருள் காட்டியுள்ளனர். பயனை எண்ணுவதில் இழுக்கில்லை என்பதும், அதைத் தன் கணக்கில் வரவு வைக்க வேண்டியதில்லை என்பதும் ஒரே பாசுரத்தில் கிடைக்கின்றன.

ஆறு என்பதே அப்படி அமைந்த பொருள். மேலே இருப்பவன் செய்யும் நன்மை கீழே இருப்பவனுக்குப் போய்ச் சேர்கிறது, தீமையும் அப்படியே. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது, சாத்தனூரில் திறந்துவிட்ட நீர் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடியைத் தாண்டியது. கீழேயுள்ள ஊர்கள் வெள்ளத்தில் தவித்தன. அவ்வளவு மழைக்கு எந்த ஏரியும் முழு ஈடு கொடுத்திராது. ஆயினும் மேலே ஓர் ஏரி தூர்ந்தால் கீழே ஒரு வீட்டுக்குள் அத்தனை நீர் கூடுதலாக நுழையும். திருக்கோவலூர் இடைகழியில் ஒருவர் படுக்குமிடத்தில் இருவர் அமர்ந்தனர். மூவர் வந்தபோது எழுந்து நின்றனர். அடுத்து வருபவருக்காகத் தன்னைக் குறுக்கிக்கொண்டவர்கள் நிற்கும் இடத்துக்கு நாம் அனுப்பும் நீர் இது.

மீட்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, பெங்களூருவின் வடபுறத்து ஜக்கூர் ஏரியைச் சொல்வேன். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் அங்கே நேராக ஏரியில் விழுவதில்லை. சம்பும் கோரையும் அடர்ந்த சதுப்பின் வழியாக மெல்ல நடந்து, மிச்ச அழுக்கையும் விட்டுவிட்டு ஏரியை அடைகிறது. கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் வருகின்றன, மீன்பிடிப்பும் நடக்கிறது. அந்த ஏரிச் சங்கிலியும் பெண்ணையை நோக்கி இறங்குவதே. அங்கே செடி நட்டவர்கள் ஓசூரில் யார் குளிப்பார்கள் என்று எண்ணி நட்டிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் லோக காரியம், கைங்கர்யமாகுமா என்று சிலர் தயங்குகிறார்கள். திருமலையில் புஷ்ப கைங்கர்யத்துக்காக அனந்தாழ்வான் முதலில் எடுத்தது கடப்பாறை, வெட்டியது ஏரி. தொண்டனூரில் இரு குன்றுகளுக்கிடையே உள்ள பெரிய ஏரியை எம்பெருமானார் அமைப்பித்தார் என்பது ஸம்ப்ரதாயம். தமிழகத்து ஆசார்யர் கன்னட நாட்டில் ஏரி கண்டார் என்பதை, நதிநீர் வழக்குகளின் நடுவே இரு மாநிலத்து அடியார்களும் நினைத்துக்கொள்ளலாம்.

பெண்ணையை மீட்க எங்கள் கோஷ்டிக்குச் சக்தியில்லை. அந்தக் கோயிலுக்குப் பின்னால், ஆற்றுக்கு நீர் போகும் ஓடையில் ஒரு சிறு குளம் தூர்ந்து கிடந்தது. ஊராட்சியில் அனுமதி பெற்று, ஆவணியிலிருந்து சனிக்கிழமைதோறும் போகிறோம். ஊர்ச் சாக்கடை குளத்துக்குள் நுழையும் வாயில் இரண்டு பள்ளங்கள் வெட்டிச் சம்பு நட்டோம். முதல் மழையில் பாதி அடித்துக்கொண்டு போயிற்று, மறுபடி நட்டோம். கார்த்திகையில் கானாங்கோழி ஒன்று வந்தது. தோஷம் ஏது என்று கேட்ட பெரியவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எங்களுக்கு முன்பே வந்து, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குகிறார். வீட்டில் சலவைத்தூளைக் குறைத்துப் பூந்திக்கொட்டைக்கு மாறியதில் அடியேனுக்கும் இல்லத்தாருக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது.

அர்ச்சகர் ஸ்வாமி இப்போதும் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத்தான் திறக்கிறார். அது சரி என்றே நினைக்கிறேன். குளத்து நீரைப் பங்குனியில் ஒருமுறை, ஆடிக்கு முன் ஒருமுறை பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவதாக அந்த இளைஞர் பொறுப்பேற்றிருக்கிறார்.

அடியேன் ராமாநுஜ தாஸன்