விருந்து முடிந்தபின்



ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த புதுமையை நம் வீட்டுச் சிறுபிள்ளையும் சொல்லும். ஆனால் விருந்து முடிந்தபின் நடந்ததை நாம் அதிகம் தியானிப்பதில்லை. எல்லாரும் வயிறார உண்டதும், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேகரிக்குமாறு இயேசு சீடரைப் பணித்தார் என்று அருளப்பர் எழுதுகிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவர், சிதறிய துண்டை ஏன் பொருட்படுத்தினார்? இறைவன் தந்தது எதுவும் எறிந்துவிட்டுப் போவதற்கல்ல என்று கற்பிக்கவே.

இன்று நாமும் கடலோரம் விருந்துண்ணப் போகிறோம். திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளிப் பிரதேசத்தில், நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாமலைத் தீவு இருக்கிறது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனம் செய்யப்பட்டது. சுற்றியுள்ள முருகைக்கற்களிடையே வண்ண மீன்களும் ஆமைகளும் வாழ்கின்றன. 2009இல் யுத்தம் முடிந்தபின் அங்கே சனங்கள் பெருந்தொகையாய் வருகிறார்கள். வருவது தவறல்ல. ஓய்வும் இறைவனின் கொடையே. வள்ளக்காரர் வீட்டிலும் அதனால் அடுப்பெரிகிறது.

ஆனால் முருகைக்கல் வெறும் கல்லல்ல; எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அதில் சில இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். நீந்திக் களைத்தவர் அதன்மேல் காலூன்றினால், பல்லாண்டு வளர்ச்சி நொடியில் முறிந்துபோகும். நாம் எறியும் பொலித்தீன் பையைச் சொறிமீன் என்றெண்ணி ஆமை விழுங்கும். கடல் வெப்பமடைவதாலும் முருகைக்கற்கள் வெளிறிச் சாகின்றன. அதை நாம் தனித்துத் தடுக்க முடியாது. காலை எங்கே ஊன்றுவது என்பதோ நம் பொறுப்பு.

முருகைக்கல் அழிந்தால் மீன்குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லை. கரைக்கு அலைதாங்கியும் இல்லை. நாம் வீடு திரும்பிவிடுவோம். வலையை நம்பி வாழும் ஏழைக் கடற்றொழிலாளி எங்கே போவான்? நாம் மகிழ்ந்ததற்காக அவன் பிள்ளை பசித்திருப்பது நீதியாகுமா? பூமிக்குச் செய்யும் தீங்கும் ஏழைக்குச் செய்யும் தீங்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் போதித்தார்.

ஆகவே பெற்றோரே, பங்குச் சுற்றுலாவை ஒழுங்குசெய்யும் இளைஞரே, சோற்றுப் பொதியை வாழையிலையில் கட்டுங்கள். தண்ணீர்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். முருகைக்கல்லை மிதிக்கவும் வேண்டாம், ஞாபகப் பொருளாக எடுக்கவும் வேண்டாம். தீவில் சனம் நெருக்கமென்றால் வேறொரு நாள் போங்கள். அதிகாரிகள் கட்டுப்பாடு விதித்தால் முணுமுணுக்காதீர்கள்.

புறப்படும்போது பிள்ளைகள் கையில் ஒரு வெறுங்கூடையைக் கொடுங்கள். நாம் போட்டதை மட்டுமல்ல, நமக்கு முன் வந்தவர் போட்டதையும் அவர்கள் பொறுக்கட்டும். மாலையில் அந்தக் கூடை நிறைந்து வள்ளமேறும்போது, சீடர்கள் அன்று செய்த வேலையை நம் பிள்ளைகளும் செய்திருப்பார்கள்.